கையெழுத்து வாங்கப் போன இடத்தில்

2003-ம் வருடக் குளிர்காலம். நியூ ஜெர்சியில் பார்சிப்பனியில் குடியிருந்தோம். அப்போது எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. டி.வி. வருவதற்கு முன்னால் அமெரிக்காவையே கட்டிப்போட்டிருந்த ரேடியோ நாடகங்களின் பழைய ஸ்கிரிப்ட், ஒப்பந்தம் என்று எது கிடைத்தாலும் வாங்கிவிடுவேன். அதில் நடித்தவர்களைத் தேடிப்பிடித்துக் கையெழுத்தும் வாங்குவேன். உயிரோடு இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

"வீக்கெண்ட் ஆனா பொண்ண டான்ஸ் கிளாஸ்ல டிராப் பண்ணக்கூட ஆள் இல்ல. உங்களுக்குக் கிழவிங்க கையெழுத்துதான் முக்கியம்" என்று மனைவி கத்துவாள். நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை, ஒரு பழைய ரேடியோ நடிகையைத் தேடி ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனேன். அந்த அம்மா ஒரு காலத்தில் குரலாலேயே ஊரை அழவைத்தவர். இப்போது நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தார். நான் கொண்டுபோன ஸ்கிரிப்டைத் தடவிப் பார்த்தார். கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் முதலில் கடைசிக் காட்சியை என்னோடு சேர்ந்து படி என்றார். கூட நடித்தவர்கள் ஒருவரும் இப்போது இல்லையாம். சாவதற்குள் ஒரு தடவை அதை முழுசாகப் பேசிவிட வேண்டுமாம்.

நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு தடவைக்குத்தான் அவருக்கு மூச்சு தாங்கும், பார்த்துக்கொள் என்று சொல்லித்தான் விட்டார்.

அசல் அவர் கையில், ஜெராக்ஸ் என் கையில். ஆரம்பித்தார். அந்த உடம்புக்குள் அப்படி ஒரு குரல் மிச்சம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. முதல் பக்கம் முடிந்ததும் அதைக் கையிலிருந்து நழுவவிட்டார். அது மிதந்து வந்து என் ஷூ மேல் விழுந்தது. நமக்குத்தான் காகிதத்தில் கால் பட்டால் பொறுக்காதே. சட்டென்று குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அவர் நிறுத்திவிட்டார். முகம் சிவந்துபோயிருந்தது. படித்த பக்கத்தைச் சத்தமில்லாமல் கீழே விடுவதுதான் அவர்கள் தொழிலில் பழக்கமாம். காகிதம் சலசலத்தால் மைக்கில் கேட்டுவிடும். நான் எடுத்த சத்தத்தில் காட்சி கெட்டது கெட்டதுதான். முதலிலிருந்து வா என்றார். விட்ட இடத்திலிருந்தே படிக்கலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். கேட்கவில்லை.

மறுபடி ஆரம்பித்தோம். பக்கங்கள் காலடியில் விழ விழ, நான் அசையாமல் நின்றேன். முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வசனத்தின் பாதியில், அவருக்கு மூச்சு முட்டியது. உதடு நீலமாகிவிட்டது. நர்ஸ் ஓடி வந்து முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தினார். கிளம்பிவிடலாம் என்று திரும்பினால், அந்த அம்மா கடைசிப் பக்கத்தை என்னிடம் நீட்டுகிறார். அவர் வசனத்தையும் என் மெட்ராஸ் இங்கிலீஷில் நானே படித்து முடித்தேன். அவருடைய மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கையெழுத்துக் கேட்காமலே கிளம்பினேன்.

அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நர்ஸ் போன் பண்ணினார். கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். அன்றைக்கப்புறம் அவர் பேசவே இல்லையாம்.

காகிதத்தை மிதிக்கக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவரிடம் ஒரு தடவைக்கான மூச்சுதான் இருக்கிறது என்றும் தெரிந்திருந்தது, இரண்டாவதை மறந்து கை முந்திக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.