வாய்க்கெல்லாம் பட்டன் போடுகிறவள்

கத்தரிக்கோல் ‘நறுக்’ என்கிறது. வீட்டுக்காரர் குனிந்து பார்க்கிறார். சட்டையின் மூன்றாவது பட்டன் அவள் உள்ளங்கையில் இருக்கிறது. சட்டை இன்னும் அவர் உடம்பில் இருக்கிறது.

“ஏய், நல்லா இருந்த பட்டனை ஏன்டி பிச்ச?”

“பிய்க்கல, கத்தரிச்சேன். சீக்கிரம் கழட்டிக் குடுங்க, மணி ஆறரை ஆயிடுச்சு.”

தெருமுனையில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கும் இவளை எல்லோரும் பட்டன் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு நிமிட வீடியோ போடுகிறாள். “வணக்கம் மக்களே, ஊசியக் கோத்தாச்சா?” என்று ஆரம்பித்து ஒரே ஒரு பட்டனைத் தைத்துக் காட்டி முடிப்பாள். அளவெடுக்கும் டேப்பால் கட்டிய நாலு நூல்கண்டுப் பெட்டிகள்தான் போனுக்கு ஸ்டாண்டு. பார்க்கிறவர்கள் நாற்பத்து மூன்று பேர். அதில் ஒன்பது பேர் சொந்தக்காரர்கள். நாலு பேர் வேறெதையோ தேடி வழி தவறி வந்தவர்கள்.

முதல் நூறு நாள் கடைக்கு வந்த துணிகளை வைத்தே ஓடியது. அப்புறம் தைக்கப் பட்டன் இல்லை. சும்மா இருப்பாளா? நன்றாக இருக்கிற பட்டனை அறுத்து, அதே இடத்தில் திரும்பத் தைக்க ஆரம்பித்தாள். தலையணை உறை, மழைக்கோட்டு, கொடியில் வாய் பேசாமல் தொங்கிய எதுவும் தப்பவில்லை. ஒருநாள் அவசரத்தில் கைக்கு வந்த குழந்தைச் சட்டைப் பட்டனை எடுத்துத் தைத்துவிட்டாள். வீட்டுக்காரர் அலுவலகத்தில் மேலாளருக்குக் கை கொடுத்தபோதுதான் மணிக்கட்டில் மஞ்சள் வாத்து ஒன்று சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், குடும்பத்தில் அவளுக்கு இன்னொரு பெயர் உண்டு: ஆரம்பசூரி. கேக் வகுப்பு நாலு நாள். நாட்குறிப்பு இரண்டு பக்கம். ஒற்றைக் கையோடு நின்றுபோன ஸ்வெட்டரைத் தலையணைக்குப் போட்டிருக்கிறார்கள். பட்டன் வீடியோ தொடங்கிய அன்று வீட்டுக்காரர், “பத்து நாள் தாண்டட்டும், மீசைய எடுத்துடறேன்” என்றார். பதினோராம் நாள் மீசை போனது. அது மறுபடி வளர்ந்தும் விட்டது; அவள் நிறுத்தவில்லை.

“ஒரு நாள் விட்டா போதும். ‘நாங்க அப்பவே சொன்னோம்ல’ன்னு சொல்ல பத்து பேர் வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறாங்க. அந்த வாய்க்கெல்லாம் பட்டன் போட்டு வெச்சிருக்கேன்.”

ஒரே ஒரு தடவை தில்லுமுல்லு செய்தாள். ஒரே சாயங்காலத்தில் மூன்று முறை உடை மாற்றி மூன்று வீடியோ எடுத்து, நாளுக்கு ஒன்றாகக் காலையில் விட்டாள். பின்னால் சுவர்க் கடிகாரம் நாலு பத்து, நாலரை, நாலே முக்கால் என்று காட்டிக் கொடுத்துவிட்டது. சொந்தக்காரர் ஒருவரே கீழே எழுதினார்: ‘உங்க ஊர்ல மட்டும் எப்ப விடியும்?’ மறுநாள் கடிகாரத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். முன்கூட்டி எடுத்து வைப்பதையும் விட்டாள். பழக்கதோஷத்தில் வீட்டுக்காரர் இன்னும் வெறும் சுவரைப் பார்த்துத்தான் ஆபீசுக்குக் கிளம்புகிறார்.

போன செவ்வாய்க்கிழமை, நூற்றெண்பத்தேழாம் நாள், தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஏழுக்கு எட்டு நிமிடம் இருந்தபோது, துணி வெட்டும் மேசையில் சாக்கட்டியால் ‘நீங்க பேசுங்க’ என்று எழுதினாள்.

“நானா? எனக்கென்னடி தெரியும்?”

அவள் திரும்ப எழுதினாள். அழுத்தியதில் சாக்கட்டி உடைந்தது. ஆரம்பசூரி என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்குக் கிடைக்காது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வணக்கம் மக்களே. ஊசி… கோத்தாச்சா. நான் இவங்க வீட்டுக்காரர். இவங்களுக்குத் தொண்டை போச்சு. அதனால இந்த வீட்ல இன்னிக்குத்தான் எனக்குப் பேச வாய்ப்பு கெடச்சிருக்கு. இப்ப ஊசிய கீழேர்ந்து மேல விடுறாங்க. மறுபடி மேலேர்ந்து கீழ. ஏன்னு கேக்காதீங்க, நானும் கேட்டதில்ல.”

அவள் முழங்கையால் இடித்தாள்.

“சரி, சரி. இப்ப நூலைப் பட்டனுக்கு அடியில மூணு சுத்து சுத்துறாங்க பாருங்க. அதுக்குக் கழுத்துன்னு பேரு. துணிக்கும் பட்டனுக்கும் நடுவுல கொஞ்சம் எடம் வேணும். இல்லேன்னா மாட்டும்போது இழுக்கும். முப்பத்தி நாலாம் நாள் சொன்னாங்க.”

ஊசி அவள் விரலில் ஏறியது. இத்தனை நாள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்த மனிதர் இவர்.

சாயங்காலத்துக்குள் அறுநூறு பேர் பார்த்துவிட்டார்கள். கீழே எல்லாம் ஒரே பாட்டு: ‘அண்ணன் நாளைக்கும் வருவாரா?’ நூற்றெண்பத்தாறு நாள் உயிரைக் கொடுத்துத் தைத்தவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவள் போனைத் துணிக்குவியலில் எறிந்தாள். ஐந்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தாள். மறுபடி எறிந்தாள்.

புதன்கிழமை காலையில் குரல் திரும்பியிருந்தது, தவளைக்குப் பக்கத்து வீடு மாதிரி. ஆறரைக்கே குளித்து, பவுடர் போட்டு, தேய்த்த சட்டையோடு வீட்டுக்காரர் வாசற்படியில் நின்றார்.

“என்ன இந்தப் பக்கம்?”

“சும்மா. தண்ணி குடிக்க வந்தேன்.”

“தண்ணி அந்தப் பக்கம் இருக்கு. எனக்குத்தான் குரல் வந்துருச்சே.”

“அதான் பாத்தேன்.” அவர் போகவில்லை. சட்டையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார்.

அவள் பட்டனைத் தேர்ந்தெடுத்தாள், நூலை வெட்டினாள், ஊசியைக் கோத்தாள். ஏழாக ஐந்து நிமிடம் இருந்தது.

“உக்காருங்க. குறுக்க பேசக் கூடாது. கேட்டா மட்டும் பதில்.”

“சரிங்க டீச்சர்.”

போன் திரையில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். அவர் உச்சந்தலையில் ஒரு கொத்து முடி மட்டும் நட்டுக்கொண்டு நின்றது. அவள் நூல் நுனியை ஈரப்படுத்துவதுபோல் விரலை நாக்கில் தொட்டு, அந்த முடியைப் படிய வைத்தாள். எழுந்துகொண்டது. மறுபடி படிய வைத்தாள். மறுபடியும் எழுந்துகொண்டது. கடைசியில் இடது உள்ளங்கையால் அவர் உச்சியை அழுத்திப் பிடித்துக்கொண்டே, வலது கையை நீட்டி ரெக்கார்டு பட்டனைத் தட்டினாள்.