கேட்டுக்கு வெளியே நடந்ததாம்

பிள்ளைகளா, உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வீட்டுப்பாடம் வரும். என் மகளுக்கு அதில் எருமை வந்தது.

பள்ளிச் சுற்றுலாவில் அவள் வாய் நிறையப் புளிச்சோற்றோடு இருந்ததை வகுப்புப் பையன் ஒருவன் படம் பிடித்து, கொம்பு ஒட்டி, ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். "நாளைக்கு எந்தப் பாடம் டெஸ்ட்?" என்று அவள் குரூப்பில் கேட்டால், பதிலுக்கு அந்த எருமைதான். ஒருவன் போட்டதும் மற்றவர்களும் போடுவார்கள். மதியம் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். டப்பா நிறையத் திரும்பி வந்ததால்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவளை வராந்தாவில் நிற்கச் சொன்னார்கள். தலைமையாசிரியர் அறையில் அந்தப் பையனின் அப்பா முன்னமே உட்கார்ந்திருந்தார். அவனியாபுரத்தில் எங்கள் பட்டறைக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர். எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பாப் போச்சு மாப்ள. சின்னப்பய, வெளையாட்டாப் பண்ணிட்டான். வா, ஒரு டீயப் போடுவோம்."

"என்கிட்ட எதுக்கு மாமா கேக்குறீங்க? எருமைன்னு என்னையா சொன்னான்? அந்தா நிக்குது பிள்ள, அதுகிட்ட கேளுங்க."

அவர் வாசல் பக்கம் திரும்பவே இல்லை.

"போன்ல நடந்தது, கேட்டுக்கு வெளிய நடந்தது. ஸ்கூல் எப்படிங்க பொறுப்பாகும்?" என்றார் தலைமையாசிரியர். "பொம்பளப்பிள்ள பேரு கெட்டுரும். மொதல்ல எல்லாத்தையும் அழிச்சிருங்க. இங்க பிடிக்கலைன்னா டீசி தர்றேன்."

கேலி செய்தவன் உள்ளே இருப்பானாம், என் மகள் வெளியே போக வேண்டுமாம்.

போனை மேசைமேல் வைத்தேன். "குரூப்பை ஆரம்பிச்சது உங்க டீச்சர். சேரலைன்னா வீட்டுப்பாடம் தெரியாதுன்னு சொன்னதும் அவங்கதான். இதைப் பாருங்க சார்."

வரிசையாக எருமைகள். அதற்கு நேர் கீழே டீச்சரின் செய்தி: 'ஐந்தாம் பாடம். நன்றாகப் படித்து வரவும்.'

"கவனிச்சிருக்க மாட்டாங்க."

"அம்புட்டு எருமையையும் தாண்டி வந்துதான சார் எழுதியிருக்காங்க?"

"அழிச்சிருங்க" என்றார் மறுபடியும்.

அழிக்கவில்லை. நீங்களும் அழிக்காதீர்கள். அசிங்கப்பட வேண்டியவர்கள் அதைப் போட்டவர்களும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்களும்தான். உங்களைச் சேர்த்துக்கொண்ட இடத்தில் உங்களுக்கு ஒன்று நடந்தால், அந்த இடத்தை நடத்துகிறவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வெளியே வந்ததும், "டீசி வாங்கிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? நீ இங்கதான் படிக்கிற."

அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷன். "பையன் பேரை மட்டும் எழுதுங்கண்ணே, போதும்" என்றார் அங்கிருந்த காவலர். நான் முதல் வரியில் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதினேன். பையன் பெயர் அதற்குக் கீழே.

மகள் குனிந்து படித்தாள்.

"மிஸ் பேரை விட்டுட்டீங்கப்பா."

எழுதினேன்.