சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய எஞ்சின்

இரண்டு வருடத்துக்கு முன், டிசம்பர் மாதம் புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் காலை நடந்தது இது. அம்பத்தூர் எஸ்டேட் ஓரத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலை. தங்கள் தேவைக்கென்று கேஸில் ஓடும் சின்ன மின் நிலையம் வைத்திருந்தார்கள். அதன் சத்தம் தாங்கவில்லை என்று எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கிப் புகார் கொடுத்ததே நான்தான்.

அன்று தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கரன்ட் போய் பல மணி நேரம் ஆகியிருந்தது. எங்கள் ஜெனரேட்டரில் டீசலும் தீர்ந்துவிட்டது. நுரையீரல் கெட்டுப்போன அப்பாவுக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடியே ஆக வேண்டும். அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரின் முள் சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது. ஆம்புலன்ஸ் எங்கள் தெருவுக்குள் வர முடியாது என்றார்கள். ஏரியாவே அடங்கிக் கிடக்க, அந்த எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

போய் கேட்டைத் தட்டினேன். நீலச் சட்டையில் ஆபரேட்டர் ஒருவர் வந்தார், என் வயதுதான் இருக்கும். ஃபிளாட் நம்பரைச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். ஒரு நொடி என்னைப் பார்த்தார்.

"நைனாவ இங்க இட்டுகினு வந்துர்லாம் மேடம். வாங்க."

அவரும் தொழிற்சாலை வாட்ச்மேனும் அப்பாவை நாற்காலியோடு மாடியிலிருந்து இறக்கி, தண்ணீரில் சுமந்து வந்தார்கள். நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். கண்ட்ரோல் ரூமில் பிளக்கைச் செருகியதும் மெஷின் ஓடியது. நீலம் பாய்ந்திருந்த அப்பாவின் உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது.

"இதுவும் நின்னுடாதே?" என்றேன்.

"டீசல் மாதிரி லாரிக்கு காத்துகினு இருக்க வேணாம் மேடம். கேஸ் பூமிக்கு அடில பைப்புல வருது. எஞ்சின் உள்ள எரிஞ்சி அத சுத்த வைக்குது, எஞ்சின் ஜெனரேட்டர சுத்த வைக்குது. கரன்ட்டு வருது. நான் இங்கதான் கீறேன், பயப்படாதீங்க."

ஷிஃப்ட் முடிந்தும் அவர் போகவில்லை. சாயங்காலம் எங்களுக்குக் கரன்ட் வந்தது. கிளம்பும்போது மனசு உறுத்த, புகார் கொடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் மேடம். அந்தப் பேப்பர எங்கிட்டதான் காட்டி கேள்வி கேட்டாங்க. ஃபிளாட் நம்பர் சொன்னப்பவே நீங்கதான்னு புரிஞ்சிடுச்சி" என்றவர், அப்பாவைத் தூக்கக் குனிந்தார்.

அந்த ஒரு நொடியில் அவர் இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.