மூன்றாம் தடவை வந்த வெள்ளைப்பூ

சேத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறார் எங்கள் வீட்டுக்காரரின் குலசாமி அய்யனார். அவருக்குக் கூரை கிடையாது. ஏழெட்டு மருதமும் நாவலும் கிளையோடு கிளை பின்னி நின்றன, அதுதான் கூரை. அதிலே ஒரு மலையணில் கூடு கட்டிக் குட்டி போட்டிருந்தது. தரையில் கால் வைக்காத உயிர் அது. கிளை வழியாகவே மலைக்குப் போகும், வரும். நான் பொங்கல் வைத்தால் நாவல் கொட்டையைத் துப்பி என் தலையில் போடும்.

மண்டபமும் கார் நிறுத்த இடமும் வேண்டும் என்று கோயில் பங்காளிகள் முடிவு செய்தார்கள். மரத்தை வெட்டச் சாமியிடம் பூக் கேட்டார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்பரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சம்மதம். பூசாரி எடுத்தார். சிவப்பு.

“பொட்டலத்தச் சரியாக் குலுக்கல. இன்னொருக்காப் போடும்” என்றார் என் மாமனாரின் தம்பி. கோயிலில் அவர் வைத்ததுதான் சட்டம்.

மறுபடியும் சிவப்பு.

“சின்ன மாமா, சாமிதான் வேண்டாம்னுட்டாரே. கூட்டுல குட்டி கெடக்கு” என்றேன்.

“ஏட்டி, அணிலுக்கு நீ என்ன அத்தையா? போயி பொங்கப்பானையப் பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும்தான்.

அடுத்து வெள்ளை வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். நான் அண்ணாந்து கூட்டைப் பார்த்தேன்.

மெஷின் ரம்பம் வந்தது. தாயணில் குட்டியைக் கவ்விக்கொண்டு, தாவக் கிளை இல்லாமல் தரையில் இறங்கி ஓடியது. பக்கத்துத் தோப்பு நாய்கள் இரண்டையும் குதறிப்போட்டன. “ஐயோ பாவம்” என்று சொல்லிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

சாமியை நான் குறை சொல்லமாட்டேன். அவர் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

இப்போது தகரக்கூரை மண்டபம் இருக்கிறது. வெயிலில் கொதிக்கும் சிமெண்டுத் தரையில் ஈரச்சாக்கு விரித்தால்தான் நின்று கும்பிட முடிகிறது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அடிவாரத் தோப்புகள் ஒவ்வொன்றாக மனையாகின்றன. கோயிலுக்குப் பின்னால் ஓடிய ஓடையும் வற்றிவிட்டது. பொங்கலுக்கு வேனில் தண்ணீர் வருகிறது. இந்த ஆடியில், மழை உண்டா என்று பூக் கேட்டார்கள். சிவப்பு வந்தது. தென்னை கருகிக்கொண்டிருக்கிற சின்ன மாமாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

“என்ன மாமா முழிக்கிய? இன்னொருக்காப் போடச் சொல்லுங்க. எத்தன தடவ கேட்டா ஒத்துக்கிடுவாருன்னு உங்களுக்குத் தெரியாததா?” என்றேன்.

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. பூசாரி மட்டும் குனிந்து புதுப் பூவைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.