இட்லி தின்னாத விரால்

ஒரு வருஷம் பெய்த மழைக்கு ஏரி நிரம்பி இரும்புலியூரில் எங்கள் தெருவுக்குள் வந்தது. கூடவே இரண்டு விரால் மீன்களும் வந்தன. ஒன்றை நான் துணிக்கூடையால் அமுக்கினேன். மற்றதை, அடுத்த வீட்டிலிருக்கும் என் மனைவியின் அண்ணன் தன் லுங்கியை அவிழ்த்துப் பிடித்தார். உள்ளே டிரவுசர் இருந்ததாக இன்றுவரை சொல்கிறார்.

இரண்டும் ஒரே நீளம், ஒரே பருமன். யாருடையது நன்றாக வளர்கிறது என்று பார்த்துவிடுவோம் என்றோம்.

நான் மொட்டைமாடியில் நீல டிரம் வைத்தேன். கண்ணாடி மாதிரி தண்ணீர். காலையில் இட்லி, சாயங்காலம் பிஸ்கட். ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது எட்டிப் பார்த்து, "சாப்பிட்டியாடா கண்ணா?" என்று விசாரிப்பேன். மச்சானோ தன் மீனை வீட்டுக்குப் பின்னால் இருந்த பாசி பிடித்த கிணற்றில் போட்டுவிட்டு அதை மறந்தே போனார்.

பொங்கல் கழிந்து இரண்டையும் சமையலறைத் தராசில் வைத்தோம். என்னுடையது நீண்டிருந்தது. தலையும் பெருத்திருந்தது. தலைக்குப் பின்னால் உடம்பு என்று சொல்ல ஒன்றுமில்லை.

"ஏங்க, இது மீனா, கரண்டியா?" என்றாள் மனைவி.

மச்சானுடையது கல்யாண மண்டப மேனேஜர் மாதிரி கழுத்தே இல்லாமல் கொழுத்திருந்தது.

"என்ன மச்சான் போடுறீங்க?"

"நானா? ஒண்ணுமே போடல மாப்ள."

நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கிணற்றுச் சுவரில் குப்புறப் படுத்துக் கண்காணித்தேன். இலைகளுக்கு அடியில் மீன் அசையாமல் கிடந்தது. ஒரு குட்டித் தவளை குதித்தது. லபக். மறுபடியும் இலைக்கடியில் ஓய்வு. சுற்றிலும் தலைப்பிரட்டை, பொடி மீன், பூச்சி. பந்தி கலையாத வீடு!

என் மீனுக்கு ஒளிய ஓர் இலைகூட இல்லை. நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் பயந்து டிரம்மைச் சுற்றிச் சுற்றி ஓடியே இளைத்திருந்தது.

"ஆனா இட்லி தின்னுதே!" என்றேன் மனைவியிடம்.

"அது தொட்டதே இல்லங்க. தண்ணி நாறுதேன்னு நான்தான் அள்ளி காக்காவுக்குப் போட்டேன். பாவம், அது பூச்சியத் தின்னு உயிரோட இருக்கு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க."

வெட்கத்தை விட்டு மச்சானிடம் போனேன். "என் மீனையும் உங்க கிணத்துல விடட்டுமா?"

"பேயிங் கெஸ்டா? விடு மாப்ள."

கோடையில் கிணற்றில் தண்ணீர் குறைந்ததும் வலை போட்டோம். இரண்டு விரால் வந்தன. இரண்டுமே உருண்டை.

"இந்தக் குண்டு என்னோடது," என்றார் மச்சான்.

"இல்ல, அது என் ஜாடை!"

"கண்ணா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் வாலால் அறைந்தன, என்னை.

"எதுக்கு சண்டை? ரெண்டையும் குழம்பு வெச்சிடுறேன்," என்றாள் மனைவி.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வலையைத் திரும்பக் கிணற்றுக்குள் கவிழ்த்தோம். அன்று மத்தியானம் இரண்டு வீட்டிலும் பூசணிக்காய் சாம்பார்.