தலைமாட்டில் பூத்த கொத்து

பரசுராமன் சார் காலமான செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் காளான் படம் அனுப்புவார். நான் பார்க்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். அன்றும் காட்டிவிட்டேன். அனுப்பியது அவர் மச்சினர் சேகர் என்று தெரிந்து, ராஜகீழ்ப்பாக்கம் அடுக்ககத்தில் என் முதல் மாடியிலிருந்து அவர் வீட்டுக்குப் படியேறும்போது, பின்னால் யாரோ சிரிப்பதுபோல இருந்தது.

அலுவலகத்தில் அவரோடு குப்பை கொட்டிய நண்பர்களுக்குத் தெரியும், ஓய்வு பெற்றதும் மனிதர் நிஜமாகவே குப்பையில் இறங்கினார். முடிச்சூர்ப் பக்கத்து வைக்கோல், குரோம்பேட்டை ஜூஸ் வண்டிகளின் கரும்புச் சக்கை, எதையும் விடமாட்டார். சக்கை மூட்டையோடு மின்சார ரயிலில் ஏறினால் அவரும் ஈக்களும்தான் ஓர் இருக்கையில். "இது குப்பை இல்ல சார், பசியோட இருக்கிற ஒண்ணுக்குச் சாப்பாடு" என்பார். எது பசியோடு இருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

ஒருமுறை, வீட்டில் காளான் வளர்க்கும் அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். ஈரச் சாக்குத் திரைகளுக்கு நடுவே, வேகவைத்த வைக்கோலும் காளான் விதையும் அடைத்த பைகள் கயிற்றில் தொங்கின. உள்ளே வெள்ளை நூலாக ஏதோ ஓடியிருந்தது.

"பிண அறையிலகூட கொஞ்சம் இடம் விடுவாங்க சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மெதுவாப் பேசுங்க. அது வளர்ற நேரம்."

மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். என் தொப்பைக்கு அது ரொம்ப நேரம் தாங்கவில்லை.

சாவன்று பாடைக்கு வைக்கோல் கிடைக்கவில்லை. சேகர் அந்த அறையிலிருந்து இரண்டு பைகளை இறக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், பூசணம் புடிச்சிக் கீது" என்றார் பாடை கட்டியவர்.

"வேற இல்லப்பா. கட்டு."

கீழே அடுக்ககத்து வேப்பமரத்தடியில், தெற்கே தலை வைத்துக் கட்டினார்கள். உதிர்ந்த வைக்கோல் அங்கேயே கிடந்தது. அப்புறம் நல்ல மழை.

காரியத்துக்கு முந்தின நாள் காலையில் வாட்ச்மேன் எல்லாரையும் கீழே கூப்பிட்டார். மரத்தடியில், ஆள் நீளத்துக்கு, சிப்பிக் காளான் பூத்திருந்தது. கால் பக்கம் ஒல்லி, தோள் பக்கம் அகலம். தலைமாட்டில் ஒரே கொத்து, முகம் அளவுக்கு.

"பிளீச்சிங் பவுடர் கொட்டிடலாம்" என்றார் சங்கச் செயலாளர், கேட்டுக்கு வெளியே நின்றபடி.

"கொட்டுங்க சார். நாளைக்கு சொந்தக்காரங்க வந்து பாத்தா என்ன நினைப்பாங்க?" என்றார் சேகர்.

சாரின் மனைவி சரோஜா குறுக்கே வந்து நின்றார். "அவர் கையால போட்ட கடைசி விதை. கொட்ட விடமாட்டேன்."

"அதுக்காக சமைக்கவா போறே, அக்கா?"

"தரையில முளைச்சதத் திங்கக் கூடாதும்பார். பறிக்காம விட்டாலும் தூளாப் பறந்து போயிடும், அப்புறம் அது நம்மளது இல்லைம்பார். பறிக்கத்தான் போறேன்."

காலிலிருந்து தொடங்கினார். ஒவ்வொன்றையும் அடியில் பிடித்து, மெல்லத் திருகி எடுத்து, பக்கத்தில் வாட்ச்மேன் தோண்டிய குழியில் போட்டார். தலைமாட்டுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ஓரத்தில் ஒட்டியிருந்த வைக்கோலை மட்டும் விரலால் தள்ளிவிட்டார்.

"இது மட்டும் இருக்கட்டும். அதுவாப் போறப்ப போகட்டும்" என்று எழுந்துகொண்டார்.

காரியத்தன்று அது இன்னும் விரிந்து, ஓரம் சுருண்டு, வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் பால்கனி அதற்கு நேர் மேலே. அடுத்த நாள் காலை கம்பியில் மெல்லிய வெள்ளைத் தூள் படிந்திருந்தது. நான் விவரமில்லாமல் ஊதித் துடைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு இருமல். தூசி என்கிறார் டாக்டர். நண்பர்களே, உங்களிடம் அவர் அனுப்பிய படங்கள் இருக்கும். பார்க்காமலே விட்ட என்னிடம் இருப்பது இந்த இருமல்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை நான் வாங்கவில்லை.