அடிபட்டதாரி

"தோலை உரிச்சிடுவேன்" என்று எல்லா அப்பாக்களும்தான் மிரட்டுகிறார்கள். இவனுடைய அப்பாவுக்குத் தொழிலே அதுதான். கறிக்கடைக்காரர். அவர் அப்படிச் சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா, சொல்லுங்கள்?

ஆடு தொங்கவிடும் கம்பியில் கடைசிக் கொக்கி அவருடைய பெல்ட்டுக்கு. படி, படி என்று அதை எடுத்துத்தான் விளாசுவார். இவன் புருவத்துக்கு மேலே இருக்கிற வெட்டு எட்டாம் வகுப்புக் கணக்கு. முழங்கைத் தழும்பு வேதியியல். முதுகில் குறுக்கே ஓடும் கோடுகள் கல்லூரியில் வைத்த அரியர்கள். சட்டையைக் கழற்றினால் போதும், மார்க் ஷீட் தனியாக வேண்டாம். "நீ பட்டதாரி இல்லடா, அடிபட்டதாரி!" என்று பக்கத்து மீன்கடைக்காரர் ஒருநாள் சொல்லப்போக, அதுவே அவனுக்குப் பேராகிவிட்டது.

அந்த இன்ஜினியரிங் சீட்டுக்காக அப்பா வீட்டை விற்றார். குடும்பம் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைக்கு வந்தது. படித்து முடித்து வெளியே வந்தால், இவனைப் போல ஊர் முழுக்க இன்ஜினியர்கள். முதல் கம்பெனி ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் பழகச் சொன்னது. அடுத்த கம்பெனியில் வாசல் காவலுக்கே பட்டதாரி வேண்டுமாம். சரி, அதாவது கிடைக்கட்டும் என்று போனான். இவனுக்கு மேல் படித்த ஒருவன் முந்திக்கொண்டு அதையும் தட்டிப் பறித்துவிட்டான். என்ன கண்றாவி இது! கடைசியில் அப்பாவின் கடையிலேயே கத்தியைப் பிடித்தான்.

"இன்ஜினியர் சார், நெஞ்செலும்பாப் பார்த்து அரைக் கிலோ போடுங்க" என்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே வெட்டிப் போடுவான்.

அவனுக்கு அதெல்லாம் பெரிதில்லை. அம்மா இல்லாத வீட்டில் அவன் தூக்கி வளர்த்த தங்கச்சி ஒருத்தி இருந்தாள். அவள் மேல் ஒரு அடிகூட விழக் கூடாது, அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. அவளுக்கு மார்க் குறைந்த அன்றைக்கெல்லாம் வேண்டுமென்றே எடையைத் தப்பாகப் போடுவான். பெல்ட் இவன் பக்கம் திரும்பிவிடும். அவள் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பள்ளிப் படிப்பு முடியும்வரை அவள் உடம்பில் ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொண்டான்.

ஒருநாள் மத்தியானம் கடை ஷட்டரை இறக்கிவிட்டு மூவரும் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்பா சாதாரணமாகச் சொன்னார்:

"கடையை விலை பேசி முடிச்சாச்சு. திங்கட்கிழமை இவ சீட்டுக்குப் பணம் கட்டணும்."

அதே கல்லூரி, அதே படிப்பு. கட்டணம் மட்டும் இவன் காலத்தைப் போல மூன்று மடங்கு.

"எனக்கு சீட்டு வேணாம்ப்பா" என்றாள் தங்கச்சி. "பஸ் டிப்போல மெக்கானிக் பயிற்சிக்கு எடுத்திருக்காங்க. பழகும்போதே சம்பளம். திங்கட்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

"பஸ்ஸுக்கு அடியில படுக்கவா உன்னைப் பெத்தேன்?"

"அப்பா, நான் படிச்சு என்னத்தைக் கிழிச்சேன்?" என்றான் இவன். "ஆட்டைத்தானே கிழிக்கிறேன்? கடையையும் வித்துட்டா அதுவும் கிடையாது."

அப்பா கோபப்படவில்லை. கணக்குச் சொல்பவரைப் போல நிதானமாகச் சொன்னார்.

"உனக்கு அடி பத்தலடா. நடுவுல பாவம் பார்த்து விட்டுட்டேன். அதான் உனக்கு வேலை கிடைக்கல. இவளை அப்படி விடமாட்டேன்."

பாவி மனுஷன், அதை மனதார நம்பினார். கொக்கியிலிருந்து பெல்ட்டை உருவிக்கொண்டு அவளை நோக்கி வந்தார்.

இவன் குறுக்கே பாய்ந்தான். பெல்ட்டின் இரும்புப் பக்கிள் உதட்டைக் கிழித்தது. அடுத்த வீச்சில் காது. மூன்றாவதைக் கையில் பிடித்துச் சுண்டி இழுத்தான். அப்பா ஈரத் தரையில் வழுக்கி, வெட்டுக்கட்டையில் தாடை மோதிக் கீழே விழுந்தார். வாயெல்லாம் ரத்தம். அதோடு விட்டிருக்கலாம். அவன் விடவில்லை.

"இது கணக்கு!" என்று ஒன்று போட்டான். "இது வேதியியல்! இது அரியர்!" எப்படிச் சுழற்றினால் பக்கிள் முன்னால் வந்து விழும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாங்கி வாங்கியே கற்றிருந்தான். அப்பாவின் தோள் கிழிந்தது. தடுக்க நீட்டிய விரல் ஒன்று ஒடிந்தது. அடிக்க அடிக்க அவனுக்குச் சுகமாக இருந்தது.

"விடுண்ணா! செத்துருவாருண்ணா!" என்று தங்கச்சி கத்தியது அவன் காதில் ஏறவேயில்லை. அவள் ஓடிவந்து அப்பா மேல் குப்புற விழுந்து, நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அதற்குள் பெல்ட் இறங்கிவிட்டது.

அவள் புருவத்துக்கு மேலே பிளந்துகொண்டு ரத்தம் கொட்டியது.

பெல்ட்டைக் கீழே போடக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அப்பாதான் உடைந்த வாயோடு, அவளுக்கு அடியிலிருந்து பேசினார்.

"நானும் ஒவ்வொரு தடவையும் நிறுத்தணும்னுதான்டா நினைப்பேன்."

திங்கட்கிழமை அப்பா கையில் கட்டோடு மேலே படுத்துக் கிடந்தார். கல்லூரிக்குப் பணம் கட்ட யாரும் போகவில்லை. அவன் தங்கச்சியை வண்டியில் ஏற்றி டிப்போவில் கொண்டுபோய் விட்டான். தையல் போட்டதிலிருந்து அவள் அவனிடம் பேசவில்லை. வண்டியில் அவனைத் தொடாமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மேற்பார்வையாளர் வேலைச் சட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்த்தார்.

"நெத்தியில என்னம்மா காயம்?"

அவள் திரும்பி அண்ணனின் புருவத்தைப் பார்த்தாள்.

"எங்க வீட்ல படிச்சவங்களுக்கு இந்த இடத்துல ஒண்ணு இருக்கும் சார்" என்றாள். "நான் படிக்காமலே வாங்கிட்டேன்."